வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பிறகு

மாரி பிறந்தால் உரும்பிராயில் கஜந்தினியின் ஒழுங்கைக்குள் ட்ரக்டர்கூட வராது. பீட்றூட் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் பெரிய றோட்டு வரை நடக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் அவள் இதை எழுதி எல்லாக் கட்சிகளுக்கும் அனுப்பினாள். திரும்பிப் பார்த்தது ஒரேயொரு கட்சி. அதுவும் கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கும் தேசியக் கட்சி. இரண்டாம் மாதம் ஒழுங்கையில் ஒரு லோட் கிறவல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. அடுத்த மழைக்கு அந்தக் கிறவல் கரைந்துபோனது, கஜந்தினி மட்டும் கட்சியின் இளைஞர் அணியிலேயே தங்கிவிட்டாள்.

"உனக்கு வேறை கட்சி கிடைக்கேல்லையே பிள்ளை?" என்று ஊர் கேட்டது. அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

இளைஞர் அணி என்றால் மேடையில் இருக்கிற வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கதிரை அடுக்க வேண்டும், கொடி கட்ட வேண்டும், அமைச்சர் மூன்று மணித்தியாலம் பிந்தி வரும்வரை சனம் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வருஷமாக அவள் இதைத்தான் செய்தாள். நடுவில் பிரதேச சபைக்கு ஒழுங்கையைப் பற்றிப் பதின்மூன்று கடிதமும் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. சபைக்குள் போய் உட்கார்ந்தால்தான் ஒழுங்கைத் தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டலாம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

அந்த வருஷப் பிரதேச சபைத் தேர்தலில் அவளுக்குக் காலம் கூடிவந்தது. வேட்பாளர் பட்டியலில் பெண்களும் வேண்டும், முப்பத்தைந்துக்குக் கீழ்ப்பட்டவர்களும் வேண்டும். கஜந்தினி இரண்டு கணக்குக்கும் பொருந்துகிற ஆள். ஆனால் ஆனி மாதம் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதோடு இளைஞர் அணியிலும் இடமில்லை. அடுத்த தேர்தலில் அவளைத் தேடிவரக் கட்சிக்கு ஒரு தேவையும் இராது. இந்த முறை விட்டால் விட்டதுதான்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கே எல்லா வேட்புமனுப் பத்திரங்களும் தயாராகிவிட்டன. அவற்றைக் கையளிக்கும் அதிகாரம் பிரதேச அமைப்பாளர் கனகரத்தினத்துக்கு மட்டும்தான்.

"வெளிக்கிடுவமே பிள்ளை?" என்று அவர் கேட்டார்.

"நாளைக்குக் காலமை குடுப்பம் ஐயா. பேருகளை இன்னொருக்கால் சரிபாக்க வேணும்."

அது பொய். அன்று அவளின் நட்சத்திரத்துக்குச் சந்திராட்டமம், நல்ல காரியம் தொடங்கக்கூடாத நாள். இதையெல்லாம் நம்புகிறதில்லை என்று வாய் நிறையச் சொல்லுகிறவள்தான். ஆனால் ஒன்பது வருஷம் காத்திருந்த காரியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாட்காட்டியைப் பார்க்காமலிருக்க அவளால் முடியவில்லை. பார்த்த பிறகு மனம் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணியோடு, மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேட்புமனு வாங்குகிற அறையின் கதவு பூட்டப்படும். ஒன்பது மணிக்கு வான் புறப்பட்டது. ஓட்டியவன் சிவதர்ஷன், அவனும் ஒரு வேட்பாளர். கோண்டாவிலில் ரயர் காற்றுப் போய்விட்டது. மாற்று ரயரிலும் காற்றில்லை. கச்சேரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி நாற்பது.

கனகரத்தினம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"ராகுகாலம் தொடங்கியிட்டுது. போனமுறை ராகுகாலத்திலைதான் குடுத்தனான். பதினேழு வாக்கிலை போச்சு."

"ஐயா, பன்னிரண்டுக்குப் பூட்டிப்போடுவாங்கள்!"

"கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு ராகுவுக்கு வலு இல்லை. அப்ப இறங்குவம். நீ பயப்பிடாதை."

சிவதர்ஷன் கெஞ்சினான். கஜந்தினியும் கெஞ்சினாள், ஆனால் அவள் குரலில் வலு இல்லை. நேற்றுச் சந்திரனுக்குப் பயந்தவள் இன்று ராகுவுக்குப் பயந்த மனுசனுக்கு எந்த வாயால் புத்தி சொல்வது? மடியில் கோப்பை வைத்துக்கொண்டு வானுக்குள் வேர்த்து ஒழுகினாள்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கனகரத்தினம் திருநீற்றைப் பூசிக்கொண்டு கம்பீரமாக இறங்கினார். வாசலில் பொலிஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார், அடையாள அட்டையைக் கேட்டார். படியேறிப் போனபோது மேலே கதவு சாத்தியிருந்தது. கஜந்தினி கதவைத் தட்டினாள். பிறகு உள்ளங்கையால் அடித்தாள். யாரும் திறக்கவில்லை.

பின்னேரம் கட்சி அலுவலகத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். கொழும்புக்கு ஒரு காரணம் எழுத வேண்டுமல்லவா? கனகரத்தினம் பேனையை எடுத்தார்.

"வான்காரன்தான் காரணம். ஒரு ரயர் பாக்கத் தெரியாதவனுக்குக் கட்சி என்னத்துக்கு? உவனை விலத்தச் சொல்லி எழுதுறன்."

சிவதர்ஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனும் ஐந்து வருஷம் கதிரை அடுக்கியவன். கஜந்தினி வாயைத் திறக்காமலிருந்தால் போதும், ஒரு குஞ்சுக்கும் தெரியவராது. ஒன்பது வருஷத்தில் மிச்சமென்று அவளுக்கு இருந்தது அந்த நல்ல பெயர் ஒன்றுதான்.

"நேற்றே குடுத்திருக்கலாம் ஐயா," என்றாள். "பேர் சரிபாக்க ஒண்டும் இருக்கேல்லை. எனக்குச் சந்திராட்டமம் எண்டு நான்தான் மறிச்சனான். எழுதிறதெண்டால் என்ரை பேரை எழுதுங்கோ."

கனகரத்தினம் பேனையை மூடினார்.

"சரி விடு பிள்ளை. அடுத்தமுறை பாப்பம்."

"அடுத்தமுறை நான் இளைஞர் இல்லை, ஐயா." சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வெளியே வந்தபோது சிவதர்ஷன் வான் கதவைத் திறந்துவைத்திருந்தான். "அக்கா, ஏறுங்கோ. ஒழுங்கை வாசலிலை இறக்கிவிடுறன்."

திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது. எட்டே முக்காலுக்குக் கஜந்தினி பிரதேச சபைக்குள் போய்ப் பதினான்காவது கடிதத்தை நீட்டினாள். முந்திய கடிதங்களின் தலைப்பில் இருந்த கட்சிச் சின்னம் அதில் இல்லை. கடிதம் வாங்கிப் பதிகிற பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுத்து, ஒன்பது மணிக்குப் பதியட்டே? நல்ல நேரம் வந்திடும்."

"வேண்டாம் தங்கச்சி. இப்பவே பதியுங்கோ."

"ஆர் தந்ததெண்டு போட? இளைஞர் அணியோ?"

"இல்லை. அந்த ஒழுங்கையிலை இருக்கிற ஆள் எண்டு போடுங்கோ."