கால்வாய்க்கரைச் சதுரம்

என் பெயரை எடுத்துவிட்ட மனிதரை நான் பழிவாங்கினேன். செய்தது பிழை என்று வீட்டிலும் வேலையிடத்திலும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடந்ததை எழுதுகிறேன், வாசிப்பவர் தீர்மானிக்கட்டும்.

2009 கடைசியில் பாரிசுக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் தாவரவியல் பட்டம் எடுத்து, பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் படிப்பித்திருந்தேன். இங்கே அந்தப் பட்டத்தை மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, உறையில் போட்டுக்கொண்டு ஏறாத அலுவலகம் இல்லை. பொபினி நகர அலுவலகத்தில் ஒரு பெண் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பித் தந்தாள். கடைசியில் ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது. வீடு இருந்த சார்செலில் இருந்து விடிய ரயிலேறுவேன். குடுவை, தட்டு, குழாய் எல்லாம் கழுவிக் காயவைத்து அடுக்குவேன். யாரும் என்னோடு கதைப்பதில்லை. எனக்கும் கதைக்கப் பெரிய விருப்பம் இருக்கவில்லை.

சென்னையில் இருந்து வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் அங்கே இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். கணினியில் கெட்டிக்காரர், அதை மறுக்கமாட்டேன். ஒருநாள் அவருடைய நாற்றுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டில் கடுகுக் குடும்பம் என்று எழுதி ஒட்டியிருந்தார். முளைத்திருந்தது கடுகு இல்லை.

"தம்பி, இது கடுகில்லை. கொடி."

அவர் தமிழ் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினார். "எப்படிக்கா சொல்றீங்க? ரெண்டு இலையும் நுனியில பிளந்திருக்கே?"

"ரெண்டுக்கும் பிளந்துதான் இருக்கும். நரம்பைப் பாருங்கோ. கடுகின்ரை வித்திலையிலை இப்பிடி எழும்பித் தெரியாது. பத்து நாள் விடுங்கோ, சுத்தத் தொடங்கும்."

பத்தாம் நாள் அது பக்கத்துக் குச்சியைச் சுற்றியிருந்தது. அன்றிலிருந்து நான் அவருக்கு அக்கா.

அவருடைய வேலை இதுதான். பாரிசின் வடக்கில் ரயில் பாதையோரம், கால்வாய்க்கரை, இடித்துவிட்ட கட்டடங்களின் வெறுங்காணி, இங்கெல்லாம் தானாக முளைக்கும் செடிகளை எண்ணுவது. ஒரு மீற்றர் நீள அகல மரச் சட்டத்தை நிலத்தில் வைத்து, அதற்குள் இருப்பதை எல்லாம் எழுதவேண்டும். எண்ணிக்கையோடு அது முடிவதில்லை. அந்தச் செடிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்று அளக்கவேண்டும். ஒரு சதுரத்தில் பத்து இனம் இருக்கலாம். பத்தும் புல் என்றால் எல்லாம் கிட்டத்துச் சொந்தம், பரிணாம மரத்தில் ஒரே கொப்பில் நெருங்கிக் கிடக்கும். இன்னொரு சதுரத்தில் நாலே நாலு: பூவே பூக்காத ஒரு பன்னம், ஒரு புல், ஒரு அவரை, ஒரு கடுகு. இந்த நாலும் பிரிந்து எத்தனையோ யுகம் ஆயிற்று. நாலையும் சேர்க்கும் கிளைகளின் நீளத்தைக் கூட்டினால் அந்தப் பத்தையும் விட மேலே நிற்கும். அந்தக் கூட்டுத்தொகைதான் அவருக்கு வேண்டியது. ஒரு விதி உண்டு. மனிதர் விதைத்ததை எண்ணக்கூடாது. தானாக வந்ததை மட்டும்தான் எண்ணலாம்.

கூட்டுவது கணினி. ஆனால் அதற்குள் போடும் பெயர் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். ஒரு செடியைத் தவறான கொப்பில் ஏற்றிவிட்டால் தொகை எங்கேயோ ஏறிவிடும். முளைத்து இரண்டு இலை விட்ட செடியைப் பார்த்துப் பெயர் சொல்ல அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு வசந்தம் என் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் சனிக்கிழமைகளிலும் முழங்காலில் நின்று அவருக்குப் பெயர் சொன்னேன். ரூ லூயி-பிளாங்கில் தமிழ்க் கடையொன்றில் வாங்கிய பிட்டுப் பொட்டலத்தை ரயில் பாதையோரம் இருந்து சாப்பிட்டிருக்கிறோம்.

"பேப்பர்ல உங்க பேரு கண்டிப்பா வரும்க்கா. அத வச்சு நீங்க டெக்னீஷியன் போஸ்ட்டுக்கு அப்ளை பண்ணலாம். நான் லேப் ஹெட் மேடம்கிட்ட சொல்றேன்" என்றார். ஒரு தடவை இல்லை, பல தடவை.

அந்த டெக்னீஷியன் வேலைதான் எனக்கு வேண்டியிருந்தது. நிரந்தர வேலை. கையுறையைக் கழற்றிவிட்டு, படித்த படிப்பைச் செய்யும் வேலை. அதற்கு ஆராய்ச்சியில் பங்கெடுத்ததற்கு அச்சில் ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் இருந்த ஒரே வழி அவருடைய கட்டுரை.

மூன்றாம் வசந்தம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. இலைத்துண்டு வெட்டி அனுப்பினால் மரபணுவைப் பார்த்துப் பெயர் அனுப்பிவிடுகிறார்களாம். "உங்களுக்கு சிரமம் வேணாம்க்கா" என்றார். ஜூனில் தனியாகப் போய் வந்தார். ஜூலையில் ஆய்வுகூடத்து நடையில் ஒரு பெரிய சுவரொட்டி தொங்கியது. நகரத்தின் வறிய மூலையில் உலகத்தின் ஆழமான மரம் முளைக்கிறது என்ற மாதிரி ஒரு தலைப்பு. வறிய மூலை என்றால் நாங்கள் இருக்கும் பக்கம். கால்வாய்க்கரையில் ஒரே ஒரு சதுரம் மற்ற எல்லாவற்றையும் தாண்டி உச்சியில் நின்றது. தலைப்பின் கீழ் எழுதியவர்களாக மூன்று பெயர்கள். என்னுடையது இல்லை. அடியில் பொடி எழுத்தில் நன்றி: களத்தில் உதவிய துப்புரவுப் பணியாளருக்கு. அங்கேயும் பெயர் இல்லை.

அவர் அறைக்குப் போனேன்.

"தம்பி, என்ரை பேர் எங்கை?"

அவர் கதிரையைத் திருப்பாமலே சொன்னார். "அதுக்கு ரூல்ஸ் இருக்குக்கா. ஐடியா குடுத்தவங்க, அனலிசிஸ் பண்ணவங்க, எழுதினவங்க. அவங்க பேருதான் போட முடியும்."

"அப்ப செடியைப் பாத்துப் பேர் சொன்னது?"

"அது ஒரு சர்வீஸ் மாதிரிக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

"ரெண்டு வருசமும் ஒரு நாளாவது சர்வீஸ் எண்டு சொன்னனீங்களோ?"

"கோபப்படாதீங்கக்கா. அடுத்த பேப்பர்ல பாக்கலாம்."

கழுவும் அறைக்கு வந்து இரண்டு குடுவையை உடைத்தேன். கைதவறி இல்லை.

பின்னேரம், எல்லோரும் போன பிறகு, அந்தச் சுவரொட்டிக்கு முன்னால் மறுபடி நின்றேன். உச்சியில் நின்ற சதுரத்தின் இனப்பட்டியல் லத்தீனில் ஓரமாக அச்சிட்டிருந்தது. வாசித்தேன். நெல். கோதுமை. துவரை. பயறு. கடலை. மொச்சை. எள். உழுந்து. கொள்ளு. விரல் மடக்கி எண்ணினேன். ஒன்பது. அதற்குக் கீழே நீற்றுப்பூசணி, மிளகாய், கடுகு.

அந்த வெறும் நடையில் தனியாக நின்று சிரித்தேன்.

அந்த வருடம் மே மாதம் என் தமையனின் மகளுக்குக் கலியாணம். எங்கள் கலியாணங்களில் நவதானியத்தைச் சட்டிகளில் முளைக்கவைத்து மணவறையில் வைப்போம். அதுதான் முளைப்பாலிகை. சடங்கு முடிந்ததும் ஓடும் தண்ணீரில் விடவேண்டும். பாரிசில் கால்வாய்க்குள் கொட்டினால் பொலிஸ் வந்து கேட்கும் என்று பயம். அதனால் சனம் கரையிலேயே ஓர் ஒதுக்குப்புறத்தில் சட்டியைக் கவிழ்த்து, கையால் தண்ணீர் அள்ளித் தெளித்துவிட்டு வந்துவிடும். கடைக்காரர்கள் நாவூறு, கண்ணூறு கழித்த பூசணியையும் கடுகு மிளகாயையும் அங்கேதான் கொண்டுபோய்ப் போடுவார்கள். எங்கள் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் எல்லோருக்கும் தெரிந்த இடம். அந்த மே மாதம் பாலிகையைக் கவிழ்த்த பெண்களில் நானும் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அதே இடம். அவருடைய அடையாளக் கம்பி நட்டபடி நின்றது. அதைச் சுற்றிப் பயறும் உழுந்தும் சட்டி வாயின் வட்டம் மாறாமல் அப்படியே வளர்ந்திருந்தன. எந்தக் காற்று வட்டமாக விதைக்கும்? ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் நிழற்படம் எடுத்து, இலை வெட்டி, எழும்பிப் போயிருக்கிறார். லத்தீன் பெயர் எல்லாம் சரி. ஒன்றுகூடத் தானாக வந்ததில்லை. விதிப்படி அத்தனையையும் பட்டியலில் இருந்து வெட்டவேண்டும்.

அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செப்டெம்பரில் அவர் நிரந்தர ஆராய்ச்சியாளர் பதவிக்காகப் பேசப்போகிறார், வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகப் பொத்திவைத்திருந்தேன். ஆகஸ்ட் முழுக்க அவர் நடையில் என்னைக் கண்டு "எப்படிக்கா இருக்கீங்க" என்று கேட்கும்போதெல்லாம் "இருக்கிறன் தம்பி" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவு ருசியாக இருந்தது.

எங்கள் கலியாண வீடியோக்காரர் ஒன்றையும் விடமாட்டார். மணமகள் காது குத்தின அடையாளம் முதல், பந்தியில் இரண்டாம் தரம் வடை கேட்டவர் வரை எல்லாம் இருக்கும். பாலிகை கவிழ்க்கப் போன பெண்களின் பின்னாலும் ஓடிவந்து எடுத்திருந்தார். மேலே சினிமாப் பாட்டு, மூலையில் இதய வடிவம், கீழே தேதி.

செப்டெம்பரில் கூட்டம் நடந்தது. நான் கடைசி வரிசையில், வேலை உடுப்போடு இருந்தேன். அவர் நன்றாகப் பேசினார். உச்சியில் நின்ற சதுரத்தைக் காட்டி, இந்த விதைகள் படகுகளோடும் பறவைகளோடும் வந்திருக்கலாம் என்றார். கேள்வி உண்டா என்று ஆய்வுகூடத்துத் தலைவி கேட்டார். அவரை எல்லோரும் மதாம் என்போம். நான் கையைத் தூக்கினேன்.

என் பிரெஞ்சு கரடுமுரடு. இருந்தாலும் சொன்னேன். "படகு இல்லை மதாம். நான் கொண்டுவந்தேன்."

முன்னால் போய், கலியாண வீடியோ இருந்த யுஎஸ்பி குச்சியைக் கணினியில் செருகினேன். திரையில் பட்டுச்சேலை கட்டிய ஐந்து பெண்கள், கால்வாய்க்கரை, சட்டி, நான். பாட்டு முழங்கியது. ஒரு பேராசிரியர் சிரித்துவிட்டார். நான் ஒவ்வொரு தானியமாக அதன் லத்தீன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். பிறகு தேதியைக் காட்டினேன். அவருடைய சதுரத்துக்கு மூன்று கிழமை முந்தியது.

அவர் முகத்தைப் பார்த்தேன். பார்க்கவேண்டும் என்றுதான் அத்தனை நாள் காத்திருந்தேன். கண் எடுக்காமல் பார்த்தேன்.

வெளியே நடையில் என்னை மறித்தார். "ஏன்க்கா இப்படி பண்ணீங்க? என் கல்யாணத்துல எல்லாமே மண்டபத்துக்காரன் பாத்துக்கிட்டான். இதையெல்லாம் எங்க கொட்டுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"தனியாச் சொன்னா அது சர்வீஸ், தம்பி."

அவருக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை. ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திருப்பி எடுத்தார்கள். அடுத்த வருடம் வேறு நாட்டுக்குப் போனார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று சொல்லி என்னை இளக்கப் பார்த்தார்கள். எனக்கும் பிள்ளைகள் உண்டு.

வீட்டிலும் எனக்கு விழுந்தது. அண்ணி தொலைபேசியில் கத்தினார். "உனக்கு விசரோ? என்ரை பிள்ளையின்ரை பாலிகையை வெள்ளைக்காரருக்குப் படம் காட்டினனியோ? இனி நகரசபையில இருந்து வந்து அபராதம் எழுதினா ஆர் கட்டுறது?" மணமகள் பின்னால் நின்று பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் அது பிடித்திருந்தது.

மதாம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மற்றச் சதுரங்களின் செடிப் பெயர்களையும் சரிபார்த்துத் தரும்படி கேட்டார். என் பெயர் போடுவீர்களா என்றேன். போடுவேன் என்று எழுதித் தந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஜூலையிலேயே உங்களுக்குத் தெரியும். செப்டெம்பர் வரை மறைத்தீர்கள். பிழையை அறிந்து மறைப்பவரை நான் டெக்னீஷியன் வேலைக்குச் சிபாரிசு செய்யமாட்டேன்."

"ஜூலையில் அதில் என் பெயர் இருக்கவில்லை, மதாம்."

"அதனால் அது சரியாகிவிடாது."

அவர் சொன்னது நியாயம்தான். நியாயம் என்பதால் எனக்கு வருத்தம் வந்துவிடவில்லை. கட்டுரை புதிதாக வெளிவந்தது. உச்சி இல்லை, சாதாரணமான தொகைதான். பெயர்களில் நான்காவது என்னுடையது. அதை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை அந்த வேலைக்குப் போட்டியில் நின்றேன். சிபாரிசு இல்லாமல் இரண்டு தடவையும் தள்ளினார்கள். இன்னும் குடுவை கழுவுகிறேன்.

ஒவ்வொரு வசந்தத்திலும் புது மாணவர்கள் நாற்றுத் தட்டோடு கழுவும் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். யாரோ அவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள், அந்தத் தமிழ்ப் பெண்ணிடம் கேள் என்று. நான் கையைத் துடைக்கமாட்டேன். முதலில் அவர்களுடைய ஆய்வுப் படிவத்தின் தலைப்பில் என் பெயரை முழுதாக எழுதச் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள், பிறகு எழுதலாம் என்பார்கள். அவர்களைத் தட்டோடு திருப்பி அனுப்பிவிட்டுத் தண்ணீரைத் திறப்பேன். எழுதுகிறவர்களுக்கு மட்டும் குனிந்து பார்த்துச் சொல்வேன்.