பதினான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பது

டொராண்டோவில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். உத்தமபாளையத்தில் நானும் என் கணவரும். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் தேனியில் டயாலிசிஸ். அவரைக் கூட்டிப் போவதும் அளந்து தண்ணீர் கொடுப்பதுமாகத்தான் என் நாட்களும் போயின. பக்கத்திலிருக்கும் சுருளி அருவிக்குக்கூடப் போய் வர நாள் வாய்க்கவில்லை.

"மதுரையிலருந்து துபாய் நாலரை மணி நேரம். துபாயிலருந்து இங்க பதினோராயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம். அவ்வளவுதாம்மா. அங்க டயாலிசிஸ் முடிச்சிட்டு ஏறினா, அடுத்தத இங்க வந்து பண்ணிக்கலாம்" என்றாள் மகள்.

டாக்டர் வேண்டாம் என்றார். அவ்வளவு நேரம் உட்கார்ந்தே வந்தால் கால் வீங்கும், மூச்சு முட்டினால் ஆகாயத்தில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

"டாக்டர் சும்மா பயமுறுத்துறாக. நான் உக்காந்து காட்டுறேன் பாரு" என்றார் இவர்.

மறுநாள் விடியற்காலையில் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, முழங்கால் இடிக்கும்படி எதிரே பெஞ்சை இழுத்துக்கொண்டார். விமானம் போகும் பாதையைக் காட்டும் ஆப் போனில் இருந்தது. துபாயிலிருந்து டொராண்டோவுக்கு ஒரு விமானம் அப்போதுதான் கிளம்பியிருந்தது. அது இறங்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. "ஏம்மா, சாப்பாடு எப்பக் குடுப்பீக?" என்று என்னைப் பணிப்பெண்ணாக்கிக் கேட்டார். மதியத்துக்கு மேல் பேச்சு நின்றது. கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. போனில் விமானம் கிரீன்லாந்துக்கு மேலே இருந்தது.

"இன்னும் எம்புட்டு நேரம்?"

"அஞ்சு மணி நேரம்."

சுவரைப் பிடித்து எழுந்துபோய் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தார். மூச்சு இரைத்தது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து, விமானம் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போடியிலிருக்கும் அவர் தம்பியிடம் ஏற்கெனவே பேசியிருந்தேன். நான் மட்டும் போய் வந்தால், ஒரு மாதம் வந்து இவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதை இவரிடம் சொல்வதற்குள் மகள் கூப்பிட்டுவிட்டாள்.

"நாங்க வரல தாயி" என்றார் இவர்.

"அம்மாவ மட்டுமாவது அனுப்புங்கப்பா."

"அவளும் வரல."

பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். போனை வைத்ததும், "என்னய ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? ஒங்க தம்பி வந்து இருக்கேன்னு சொல்லியிருக்காக" என்றேன்.

"நீ இல்லாம எனக்குப் பயமா இருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அதற்குமேல் என்ன சண்டை போடுவது? தம்பிக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றேன்.

பேத்தி பிறந்த அன்று தேனி ஆஸ்பத்திரியில் இருந்தோம். அவர் கையில் ஊசி ஏறியிருந்ததால் போனை நான்தான் பிடித்துக் காட்டினேன். குழந்தை, மகளின் மாமியார் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"மத்தவுகளுக்கும் காட்டு" என்றார். ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் காட்டிவிட்டு வந்தேன்.