நடையில் நின்ற மூன்று கால்

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நடுவில் ஒரு நடை மட்டும் இருந்தது. அப்பா விட்டுப்போன வீட்டில் முன் அறைகள் அவளுக்கு, பின் அறைகள் அவனுக்கு. வாசலிலிருந்து பின்பக்கம் வரை போகும் அந்த நீண்ட நடை இருவருக்கும் பொது. பொது என்பதால்தான் சண்டையெல்லாம் அங்கேயே நடந்தது.

அக்கா மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். ஐம்பதைத் தொட இரண்டு வயது பாக்கி. முதல் பஸ் கிளம்பும் முன்பே வேலையில் இருக்க வேண்டும்; சைக்கிளை விட்டால் வேறு கதியில்லை. ஒருமுறை கடையில் கொடுத்துப் பழுதுபார்த்து வாங்கிவந்த சைக்கிளில் பிரேக் கட்டை டயரிலேயே உரசி, டயர் கிழிந்து, பாலத்து இறக்கத்தில் விழுந்தாள். கேட்கப் போனால் கடைக்காரர், "உங்களுக்கு ஓட்டத் தெரியலம்மா" என்றார். அன்றோடு அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு.

தானே பழுதுபார்க்கத் தொடங்கினாள். முதலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். சீட்டு கிழிந்தது, இடுப்பு ஒடிந்தது. பிறகு ஒரு ஸ்டாண்டு வாங்கினாள். மூன்று கால், ஒரு கம்பம், உச்சியில் ரப்பர் வைத்த ஒரு பிடி. சீட்டுக்குக் கீழே உள்ள கம்பியை அதில் மாட்டித் திருகினால் சைக்கிள் நெஞ்சு உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறு கையால் செயினைத் துடைக்கலாம். சக்கரம் எங்கே உரசுகிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஞாயிறு காலைகளில் அவள் அப்படி நின்று வேலை செய்வது தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு தெரியும். இப்ப அதை வீட்டுக்கே ஓட்டிட்டு வந்துட்டியா?" என்றான்.

"உன் கால்ல இடிச்சா சொல்லு, நகத்தி வைக்கிறேன்."

"இடிச்சா சொல்ல மாட்டேன். தூக்கி எறிவேன்."

எறியவும் செய்தான். ஒரு மழை நாளில் அவள் வேலை முடிந்து வந்தபோது ஸ்டாண்டு தெருவில் கிடந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. துடைத்து, எண்ணெய் போட்டு, அதே இடத்தில் நிறுத்தினாள். பேசியிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும்.

அந்தச் சமயத்தில் டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் என்று தம்பி ஒரு சைக்கிள் வாங்கினான். ஒரு விரலால் தூக்கிவிடலாம், அத்தனை லேசான அலுமினியச் சட்டம். மூன்றே வாரத்தில் கியர் தாவ ஆரம்பித்தது. அக்கா வேலைக்குப் போன நேரம் பார்த்து, அவள் ஸ்டாண்டிலேயே அதை ஏற்றினான். அன்றைக்கென்று அவள் சீக்கிரம் வந்துவிட்டாள்.

சீட்டுக் கம்பியை விட்டுவிட்டு, சட்டத்தின் மேல் குழாயைப் பிடிக்குள் கொடுத்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றவில்லை.

"அந்தக் குழாயில பிடிக்காதே. தகடு மெல்லிசு. நசுங்கிடும்."

"உன்கிட்ட யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. சீட்டுக் கம்பியில மாட்டு."

அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவளையே பார்த்துக்கொண்டு, வீம்புக்கென்றே, திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். கடக்கென்று ஒரு சத்தம். பிடியைத் தளர்த்தினால் குழாயில் கட்டைவிரல் அகலத்துக்குப் பள்ளம்.

"கண்ணு வெச்சே தொலைச்சுட்டே!" என்று கத்தினான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள்.

சிரிப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அவன் அதே சைக்கிளில்தான் போய்வந்துகொண்டிருந்தான். பள்ளத்தின் ஓரத்தில் மயிரிழையாக ஒரு கோடு ஓடியிருப்பதை அவள் பார்த்தாள். "அதுல ஏறாதே, உடையும்" என்றாள். "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றான். மறுநாள் அவன் குளிக்கப் போன சமயம் முன்சக்கரத்தைக் கழற்றித் தன் அறையில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு வாரம் வீடு வீடாக இல்லை. "திருடி" என்றான். கதவை உதைத்தான். அவன் மனைவி, "அண்ணி, குடுத்துத் தொலைங்களேன், காது குடுத்துக் கேட்க முடியல" என்று கெஞ்சினாள். அவள் மசியவில்லை. கடைசியில், சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லை, அவள் செய்தது திருட்டுதான் என்று காட்டுவதற்கென்றே அவன் ஊரின் மறுகோடியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தான். மெக்கானிக் சக்கரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. குழாயை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இதுலயா சார் போயிட்டு இருந்தீங்க? இன்னும் நாலு பள்ளத்துல இறங்கியிருந்தா உங்க பல்லைப் பொறுக்கியிருக்கணும்."

அவர் போனபின் நடையில் இருவரும் நின்றார்கள். அவள் சக்கரத்தைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தாள்.

"இப்ப உனக்குச் சந்தோஷம்தானே?"

"நசுங்கினப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

அவன் நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த மாதம் நடையின் குறுக்கே பலகை அடித்து, பின்பக்கம் தனக்கென்று ஒரு வாசல் வைத்துக்கொண்டான். அவள் பங்குக்கு மிஞ்சிய இடத்தில் ஸ்டாண்டின் கால்களை விரிக்க முடியவில்லை. கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அறைக்குள்ளேயே சைக்கிளை ஏற்றி, செயினைத் துடைக்கத் தொடங்கினாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவன் யாரிடமோ அவளைத் திட்டிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது.