ரேடியோ கெட்டுப்போன கப்பல்

மலேசியாவில், குருண் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் வயர் கட்டுகளைப் பரிசோதிப்பது என் வேலை. எல்லாம் கார்களுக்குள் போகும் வயர்கள். நிறம் மாறியிருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன். வருடக்கணக்கில் இதையே செய்துவிட்டதால் வீட்டுக்கு வந்த பிறகும் கண் சும்மா இருப்பதில்லை. கல்யாண விருந்தில் வாழையிலையின் நுனி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். என்னோடு விருந்துக்குப் போக என் மனைவிக்குக் கொஞ்சம் வெட்கம்.

இதே கண்ணை வைத்துக்கொண்டு சம்பளமில்லாத வேலை ஒன்றும் செய்கிறேன். சின்ன வயதில் பார்த்த ஒரு விண்வெளித் தொடர். ஓட்டை உடைசல் கப்பல் ஒன்றில் பத்துப் பேர் கிரகம் கிரகமாக அலையும் கதை. அதற்கு முன்னால் நடந்தவை என்று சொல்லி இப்போது முன்கதைப் படங்கள் எடுக்கிறார்கள். பழைய தொடருக்கும் புதுப் படங்களுக்கும் எங்கெங்கே ஒட்டவில்லை என்பதை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வருகிறேன். எங்கள் கெடா மாநிலத்தில் என்னைப் போலவே பைத்தியம் பிடித்தவர்களுக்குக் கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. எல்லாரும் என் பிள்ளை வயது. அவர்களுக்கு நான் அங்கிள். சந்தேகம் வந்தால் "அங்கிள் நோட்டைக் கேளு" என்பார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய தொடரில் கப்பலின் கதவை இரண்டு பேர் இரும்புப் பிடியைச் சுற்றித் திறப்பார்கள். முன்கதையிலோ, அதற்கு முப்பது வருடம் முன்பே, பேச்சுக் குரலைக் கேட்டு அதே கதவு தானாகத் திறக்கிறது. இதை நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி மனைவியிடம் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம ரப்பர் தோட்டத்துல முன்ன ஆஸ்பத்திரி இருந்திச்சி, டிரெஸ்ஸர் இருந்தாரு, மருந்து குடுத்தாரு. இப்ப என்ன இருக்கு? செவுருதான் இருக்கு. அதுவும் தப்புன்னு எழுதுவீங்களா?"

அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'தள்ளுபடி' என்று எழுதினேன். அவள் அந்தத் தொடரைப் பற்றி வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் என் நோட்டில் ஒரு வரி குறையும்.

நாங்கள் இருவரும் அந்தத் தொடரைப் பார்த்தது ஒரே வீட்டில். கரங்கானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசையில் எங்கள் வீட்டில்தான் டிவி இருந்தது. கறுப்பு வெள்ளை, கார் பேட்டரியில் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு பால்மரம் வெட்டும் வேலை இல்லாத பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். தொடர் ஆங்கிலத்தில் பேசும். கீழே மலாய் எழுத்து ஓடும். ஆங்கிலமும் யாருக்கும் தெரியாது, அந்த எழுத்தை ஓடும் வேகத்தில் படிக்கவும் ஆள் கிடையாது, என் அம்மாவைத் தவிர. கூலிமில் மாமா வீட்டில் தங்கி மலாய்ப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்த அம்மா, பிறகு எல்லாரையும் போலப் பால்மரம் வெட்ட வந்தவர். எழுத்து ஓட ஓட அதைத் தமிழில் சொல்வார். கப்பலின் தலைவன் 'பெரிய தொர'. சும்மா நின்று அதட்டுகிறவன், எங்கள் தோட்டத்துக் கங்காணியைப் போல, 'மண்டோர்'. கப்பலை ஓட்டுகிறவன் 'ஓட்டுறவரு'. ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்திருந்தார். எங்களுக்குத் தொடர் என்றால் அம்மாவின் குரல்தான்.

பக்கத்து வீட்டு அக்காளும் அவள் மகளும் தவறாமல் வருவார்கள். அந்த அக்காளின் கணவர் சிங்கப்பூர் போய் வருகிறேன் என்று போனவர், போனவர்தான். மகள் மூன்றாம் வகுப்பு, நான் ஐந்தாம் வகுப்பு. அம்மாவின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்துகொண்டு கதையின் நடுவில் கேள்வி கேட்டுக் கழுத்தறுப்பாள். "அத்தை, அந்த ரேடியோவுல கேக்க மட்டுந்தான் முடியுமா?" "அத்தை, அவரு இப்ப சாமி கும்பிடுறாரா?" அம்மா ஒரு நொடி நின்று, "ஆமா பாப்பா" என்று சொல்லிவிட்டுத் தொடர்வார். எனக்குக் கோபம் கோபமாக வரும். அதைவிடப் பெரிய கோபம் தொடரின் கடைசி நாளில் வந்தது. முடிகிற நேரம் பார்த்து எழுந்துபோய் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டாள். கத்தினேன், நகரவில்லை. கடைசிக் காட்சியை நான் பார்க்கவே இல்லை. பிற்பாடு அவளையே கல்யாணம் செய்துகொண்டதால், இதை எத்தனையோ வருடமாகச் சொல்லிக்காட்டும் வசதி எனக்குக் கிடைத்தது. அவளும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

இந்த வருடம் மூன்றாவது முன்கதைப் படத்தின் முன்னோட்டம் வந்தது. கப்பல் ஓட்டுகிறவனின் சொந்தக் கிரகத்துக் கதை. மனைவியையும் மகளையும் தூங்கவிட்டுவிட்டு, வேண்டுமென்றே அவன் கிளம்பிப் போவதாக அதில் காட்டினார்கள். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. பழைய தொடரில் அவன் எரிபொருள் தேடித்தானே போனான்? ரேடியோ கெட்டுப்போனதால்தானே வீட்டுக்குச் சொல்ல முடியவில்லை? வரும் சத்தம் கேட்கும், திரும்பப் பேச முடியாது. அதனால்தானே தொடர் முழுக்க அப்படித் தவித்தான்? குழுவில் நீளமாக எழுதினேன். இதுவரை வந்த பிழைகளிலேயே பெரிய பிழை இது, கதையின் முதுகெலும்பையே முறித்துவிட்டார்கள் என்று எழுதினேன்.

பிறகு ஒரு பையன் பழைய தொடரிலிருந்து ஒரு துண்டைப் போட்டான். "அங்கிள், சாரிலா. இதப் பாருங்க." ஓட்டுகிறவன் பெரிய துரையிடம் சொல்கிறான். கீழே அதே மலாய் எழுத்து: நானாகத்தான் விட்டுவிட்டு வந்தேன், யாரும் என்னைத் தடுக்கவில்லை.

ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த எபிசோடுகளை நான் பிற்பாடு திரும்பப் பார்த்ததே கிடையாது. சண்டை வருகிற எபிசோடுகளைத்தான் தேடித் தேடிப் பார்ப்பேன். ஓட்டுகிறவனின் வீட்டுக் கதைதான் மனப்பாடம் ஆயிற்றே என்ற திமிர். ஊரார் வேலையில் குறை கண்டுபிடிக்கிறவன், என் கையில் இருந்த அளவுகோலே தப்பு என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். குழுவில் மன்னிப்புக் கேட்டுவிட்டு நேராக அம்மாவிடம் போனேன்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். கோலா கெடாவிலிருந்து வாங்கி வந்த நெத்திலியைத் தட்டில் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கை நின்றது.

"அவ எங்க, ஒம் பொண்டாட்டி?"

"கடைக்குப் போயிருக்கா."

"அவ என் காலுகிட்ட உக்காந்திருந்தாடா. அப்பன் போயி ரெண்டு மாசங்கூட ஆவல. அந்த ஓட்டுறவன் சொல்றான், நானாத்தான் விட்டுட்டு வந்தேன்னு. அந்தப் புள்ள மொகத்தப் பாத்துக்கிட்டு அத அப்படியே சொல்லுவனா? ரேடியோ கெட்டுப்போச்சுன்னு நாக்கு தானா சொல்லிருச்சி."

"ஒரு தடவை சொன்னது சரிம்மா. தொடர் அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல ஓடுச்சே."

"அத ஏன் கேக்குற? அடுத்த வாரமே அவன் ரேடியோவப் புடிச்சிப் பேசுறான்! அப்புறம் வாரா வாரம் இதே கூத்துதான். மரத்துல கத்திய வச்சா, இந்த ஞாயித்துக்கெழம என்ன வரப்போவுதோன்னுதான் நெனப்பு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கடைசி வாரம் அவன் கெழவனாயி வீட்டுக்கு வர்றான். அவன் பொண்டாட்டி கதவத் தெறக்கல. அந்த எழுத்து வர்றதுக்குள்ள வெளிய ஓடிப்போயி ஏரியல் கம்பத்தத் திருப்பிவிட்டுட்டேன். படம் கெட்டிருக்கும். உள்ள வந்து, அவ கதவத் தெறந்து சோறு போட்டான்னு சொல்லிட்டேன்."

அன்று இரண்டு பக்கம் முழுக்க எழுதினேன். ஒரு பக்கம் தொடரில் வந்தது, எதிர்ப்பக்கம் அம்மா சொன்னது. எங்காவது இடித்தாக வேண்டும். இடிக்கவில்லை. கோடி கோடியாகக் கொட்டி, பத்து எழுத்தாளர்களை உட்காரவைத்து எடுக்கிறவர்கள் எத்தனையோ இடங்களில் கோட்டை விட்டார்கள். அடுத்த வாரம் என்ன வரும் என்று தெரியாமல், கண்ணெதிரே ஓடும் படம் வேறு காட்டிக் கொடுக்க, விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போன ஒரு பெண் ஓர் இடத்திலும் சறுக்கவில்லை. பரிசோதகனாகச் சொல்கிறேன், அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. என் அம்மா என்பதற்காகச் சொல்லவில்லை. என் அம்மா என்பதால் கூடுதலாக அழுதேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இருந்தது ஒரே பயம். "அவளுக்குத் தெரியவேண்டாம்டா. அவ அப்பன் செத்துப்போன சேதி வந்தப்பகூட எங்கிட்டதான் வந்து உக்காந்தா. சின்னப் புள்ளயில இருந்து பொய் சொல்லி ஏமாத்திட்டேன்னு நெனச்சிட்டா, நான் அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?" தெரிய வழியில்லை என்றேன். அவள்தான் சினிமாவுக்கே வருவதில்லையே. படம் வெளியான வாரம் மனைவி சுங்கைப் பட்டாணித் தியேட்டரில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு வந்து நின்றாள். அந்த ஓட்டுகிறவர் கதையாம், அவளும் பார்க்க வேண்டுமாம். அம்மா என்னைப் பார்த்தார். எனக்குக் காரைப் பழுதாக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஞாயிறு பகல் காட்சி. படம் நன்றாகவே எடுத்திருந்தார்கள், நோட்டை நான் கொண்டுபோகவில்லை. ஓட்டுகிறவன் எழுந்தான். தூங்குகிற மகளைப் பார்த்தான். கப்பலில் ஏறினான். ரேடியோவில் அவன் மனைவியின் குரல் அழைத்தது, தெளிவாகக் கேட்டது. அவனே கையை நீட்டி அதை அணைத்தான். நான் திரையைப் பார்க்காமல் பக்கத்தில் பார்த்தேன். அவள் கச்சான் கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா அப்ப சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நான் என்ன உங்கள மாதிரி மலாய்ல மக்கா? அப்பயே படிப்பேன். அந்த எழுத்த நானும் படிச்சேன். அத்தை மாத்திச் சொன்னதும் தெரிஞ்சிச்சி." கதவைத் திறக்காமல் காரில் சாய்ந்து நின்றாள். "எங்கம்மா பக்கத்துல இருந்தாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. அத்தை சொல்லச் சொல்ல அவங்க மொகம் எப்படி இருந்திச்சி தெரியுமா? அப்பா விட்டுட்டுப் போவல, சிங்கப்பூர்லருந்து சேதி அனுப்ப வழியில்லன்னு நெனச்சி அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்குனாங்க. அதுக்கப்புறம் அத்தை எங்க தடுமாறுனாலும் எனக்குப் பயமா இருக்கும். அதான் கேள்வி கேப்பேன்."

கேட்க மட்டும்தான் முடியுமா அத்தை. சாமி கும்பிடுகிறாரா அத்தை. எல்லாவற்றிலும் விடை உள்ளேயே இருந்திருக்கிறது. நான்தான் அதைக் கேள்வி என்று நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறேன்.

"அப்ப கடைசி வாரம்..."

"அத்தை ஏரியலத் திருப்பப் போனாங்கல்ல? திருப்புனதுல படம் முன்னவிட நல்லாத் தெளிவாயிருச்சி. அந்தப் பொம்பள கதவுக்குப் பின்னால நிக்கிறது அப்படியே தெரியுது. எங்கம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் என்னா செய்ய? போயி முன்னால நின்னுக்கிட்டேன்." சிரித்தாள். "நீங்க கத்துனீங்க."

ஒரு மன்னிப்பைக்கூட ஒழுங்காகக் கேட்க வரவில்லை எனக்கு. வழி நெடுக அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையாலேயே ஓட்டினேன். அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னாள்.

அம்மா வாசல் கம்பிக்கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை, மருமகள் முகத்தையே பார்த்தார்.

"படம் எப்படி பாப்பா?"

"நல்லாருந்திச்சி அத்தை" என்றாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நீங்க சொன்னீங்களே, அதே மாதிரிதான். பாவம், ரேடியோ கெட்டுப்போச்சி."