முனியை யார் சாய்ப்பது

என் அண்ணன் முகுந்தன் கிள்ளான் நகரில் ஒரு லோரி உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறவர். கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் பிரேக், கிளட்ச் விற்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வருகிறவர்களுக்கு அவர் வேறு ஒருவர். சாப்பாட்டு மேசையில் அட்டைத் தெருக்களைப் பரப்பி, கட்டைவிரல் உயரப் பொம்மைகளை நிறுத்தி, "மழை பிடிச்சுக்கிச்சு. ஆறு வீட்டுக்குள்ள வருது. என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்பார். சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பதில் சொல்வார்கள். பகடை உருளும். கதை எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது.

இந்த வகை விளையாட்டுகளுக்கு வெளிநாட்டில் தடித் தடியாக விதிப் புத்தகங்கள் வருகின்றன. அண்ணன் பழைய பிரதிகளாகத் தேடி வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பார். முடித்ததும் தீர்ப்புச் சொல்வார். "மேப் நல்லா இருக்கு. ஆனா ஒரு அடி அடிக்க மூணு பக்கம் படிக்கணும். அதுக்குள்ள எதிரி வீட்டுக்குப் போயிடுவான்." இன்னொன்றைப் பற்றி, "நாடு பூரா நடக்கறானுங்க, ஒருத்தனுக்கும் வேர்க்கல. இவனுங்களக் காப்பார் ரோட்டு வெயில்ல கொண்டாந்து விடணும்" என்றார். கூட விளையாடுகிறவர்கள் புதிய புத்தகம் வாங்குமுன் அவரைத்தான் கேட்பார்கள். அவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்க மாட்டார். ஒரு பாத்திரம் விழுந்துவிட்டால் மேசையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பக்கத்தைத் தேடிப் போவார். அங்கே தடுமாறுகிற புத்தகம் எல்லா இடத்திலும் தடுமாறும் என்பது அவர் கணக்கு.

அவருக்கென்று சொந்தமாக ஒரு விளையாட்டு இருந்தது. கிள்ளான் ஆற்றங்கரையில் ஓர் அடுக்குமாடி. வெள்ளம் ஏறுகிறது. வெளியேற ஒரே வழிதான் உண்டு. அந்த எல்லையைக் காக்கும் முனி ஏதோ கோபத்தில் வழியை மறித்து நிற்கிறார். அவரைத் தாண்டி எல்லாரையும் மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பல வருஷமாக இதை வாயாலேயே நடத்தி வந்தார். எழுதும் எண்ணமே அவருக்கு இல்லை.

போன வருஷம் அண்ணனின் குரல் கம்மத் தொடங்கியது. கடையில் கத்துவதால் என்று நினைத்தோம். மருத்துவர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, கட்டி இருக்கிறது, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார். உயிருக்குப் பயமில்லை, பேச்சுத்தான் போகும். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தார். இனிமேல் அந்த விளையாட்டு இருக்க வேண்டுமென்றால் புத்தகத்தில்தான் இருக்க வேண்டும். கண்ணெல்லாம் சிவந்து போகும் வரை எழுதினார். சாப்பிடக் கூப்பிட்டால், "என் வாய் செய்யறத எல்லாம் அதுல ஏத்தணும், இரு" என்பார்.

எழுதியதை ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அனுப்பினார். அவர்களுக்காகக் கையெழுத்துப் பிரதிகளை மதிப்பிடும் நிலானி என்ற பெண், சோதனைக்கு வரச் சொன்னார். இதுவரை அந்த விளையாட்டைக் கேள்விப்படாத மூன்று பேர் புத்தகத்தை மட்டும் வைத்து ஆடுவார்கள். எழுதியவர் அறையில் இருக்கலாம். ஆனால் பேசக் கூடாது, தலையசைக்கக் கூடாது, மேசையில் கை வைக்கக் கூடாது. அறுவை சிகிச்சை வியாழக்கிழமை. சோதனை அதற்கு முந்தைய ஞாயிறு.

சோதனை நடந்தது பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூமாலைக் கடையின் மேல்மாடியில். நான் கதவோரம் உட்கார்ந்தேன். அண்ணன் சுவரோரம், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் மூன்று காட்சிகள் நன்றாகவே போயின. லோகன் என்பவர் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கிழவராகவே மாறிவிட்டார். மலர்விழி என்ற பெண் வெள்ளத்தில் தன் ஃபிரிட்ஜை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மூன்றாமவர் வாசு புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, "இது ஈசியா புரியுது லா" என்றார். அண்ணன் முகம் தெளிந்தது.

நாலாவது காட்சியில் லோகன் போட்ட பகடையில் முனியின் பலம் தீர்ந்தது. வாசு விதியைச் சத்தமாகப் படித்தார். "பலம் தீர்ந்த பொம்மையை மேசையில் சாய்த்துக் கிடத்தவும். அதன் பிறகே அடுத்த காட்சி."

யாரும் கையை நீட்டவில்லை.

"நீதான அடிச்ச, நீயே சாய்" என்றார் வாசு.

"நான் பகடைதான் போட்டேன் பாஸ். எங்க தாமான்ல, வீட்டு வரிசை முனைல, முனி கோயில் இருக்கு. தினம் அந்த வழியாத்தான் பைக்ல போறேன்."

"பொம்மை லா" என்றாள் மலர்விழி.

"அப்ப நீ எடு."

"நான் மத்தியானம் கோழி சாப்பிட்டேன்."

"அவருக்கே கோழிதான படைக்கறோம்."

"படைக்கறது வேற, சாய்க்கறது வேற. ஆளப் பாரு."

சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் அடங்கியது. சாய்க்காமல் அடுத்த காட்சிக்குப் போகலாமா என்று புத்தகத்தில் தேடினார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அரிவாளோடு நிமிர்ந்து நிற்கும் அந்தச் சின்ன உருவத்தைச் சுற்றி மூன்று பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். லோகன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். நிலானி தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். மலர்விழி கைப்பேசியை எடுத்து மணி பார்த்தாள்.

அண்ணன் எழுந்துவிட்டார்.

முனியை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேசையின் விளிம்புக்குக் கொண்டுபோய், ஆடுகிறவர்களுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். "அவரு தோக்கல" என்றார், காற்றாகிப் போன குரலில். "வழி விட்டுட்டாரு. பாக்காத மாதிரி நிக்கறாரு. போங்க."

லோகன் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. மலர்விழி சட்டென்று தன் பொம்மையை எடுத்து அந்த வழியாக நகர்த்தினாள்.

நிலானி மெதுவாகக் கேட்டார். "அண்ணே, இது புத்தகத்துல எங்க இருக்கு?"

அண்ணன் பக்கங்களைப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் போனார். இல்லை. வீட்டில் ஒருநாளும் அவர் முனியைச் சாய்த்ததில்லை. எப்போதும் இப்படித்தான் எடுத்து நிறுத்துவார். எழுதும்போது மட்டும், மற்றப் புத்தகங்களில் இருப்பதுபோல் சாய்க்கச் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷம் நான் பார்த்த மேசைகள்ல இதுதான் நல்லா இருந்துச்சு" என்றார் நிலானி. "ஆனா நான் பார்க்க வந்தது புத்தகத்த. வாங்கறவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க போய் நிக்க முடியாதுல்ல. விட்டுப்போனத எழுதிச் சேத்து அனுப்புங்க, இன்னொரு தடவ சோதனை வைக்கலாம்."

அவர் சொன்னதில் குற்றம் ஒன்றுமில்லை. அண்ணன் நன்றி சொன்னார்.

வீடு திரும்பும் கொமுட்டர் ரயிலில் அவர் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். பெட்டாலிங் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "வேற என்னெல்லாம் செய்றேன்?"

"எங்கண்ணே?"

"மேசைல. எனக்குத் தெரியாம."

யோசித்துச் சொன்னேன். "மழைன்னு சொல்றதுக்கு முன்னாடி விரலால மேசையத் தட்டுவீங்க. கதைல யாராச்சும் செத்துட்டா அவங்களுக்குத்தான் முதல்ல டீ ஊத்துவீங்க. அவங்க ஒரு வாய் குடிச்ச பிறகுதான் கதை நகரும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதல" என்றார். "ஒண்ணும் எழுதல." பிறகு நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் வழக்கமாக வரும் குருவையும் கூட்டாளிகளையும் வரச் சொன்னார். வேலைக்கு விடுப்புப் போட்டு வந்தார்கள். பின்மதியம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். "நான் நடத்தறேன். நீ கதையக் கேக்காத. என் கைய மட்டும் பாரு. அது செய்றத எல்லாம் சொல்லு, எழுதிச் சேக்கலாம்" என்றார் என்னிடம். நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

தொடங்கினார். கைகள் மேசைமேல் இருந்தன. மழை வந்தது, அவர் தட்டவில்லை. நினைவு வந்து பிறகு தட்டினார், கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. குருவின் பாத்திரம் படிக்கட்டில் விழுந்து செத்தது. அண்ணன் தேநீர்க் குவளையை எடுத்தார். எடுத்தவர் என்னைப் பார்த்தார். குவளை ஊற்றாமல் கையிலேயே நின்றது.

"என்னண்ணே, துணிக்கடைப் பொம்மை மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றார் குரு.

அண்ணன் குவளையை வைத்துவிட்டு மறுபடி அந்தக் காட்சியை முதலிலிருந்து தொடங்கினார். குரல் பாதியில் நின்றது. தண்ணீர் குடித்தார். இன்னொரு முறை தொடங்கினார். வெளியே எங்களை ஏற்றிப்போக வந்த கார் ஹாரன் அடித்தது.

"இப்ப என்ன செஞ்சேன்?" என்று கேட்டார்.

நான் பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

"ஒண்ணும் செய்யலண்ணே" என்றேன்.