மூன்றாவது மன்றாட்டு

2025 ஜூன் 22, ஞாயிறு. காலை 4.50க்கு எழுந்தேன். ஒன்பது நாளுக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டி நிரம்ப ஐம்பது நிமிடம் ஆயிற்று. 5.40க்குப் பால் வாங்கினேன். 5.55க்கு டிவியைப் போட்டபோது, அமெரிக்க விமானங்கள் ஈரானில் குண்டு போட்டதாகச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்குச் சட்டையை இஸ்திரி போட்டேன். ஏழரை மணித் திருப்பலியை நடத்திக் கொடுப்பது அந்த வாரம் எங்கள் அன்பியத்தின் முறை.

எங்கள் பங்குக் கோயிலில் முப்பது வீடு சேர்ந்தது ஓர் அன்பியம். முறை வரும் ஞாயிற்றுக்கிழமை வாசகம், காணிக்கைப் பவனி, ஐந்து மன்றாட்டு எல்லாம் எங்கள் பொறுப்பு. முதல் மன்றாட்டு திருச்சபைக்கு, இரண்டாவது நாட்டை ஆள்கிறவர்களுக்கு, மூன்றாவது உலகத்துக்கு, நான்காவது நோயாளிகளுக்கு, ஐந்தாவது மழைக்கு. நான் செயலர். மன்றாட்டுகளை எழுதிப் படி எடுப்பதும், கூட்டக் குறிப்பேட்டை வைத்திருப்பதும் என் வேலை. ஒரு கூட்டத்தின் குறிப்பை அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து நின்று உரக்க வாசிப்பார். பதினான்கு ஆண்டுகளாக அப்படித்தான். முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. வாசித்து முடித்த பிறகுதான் அதில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியும்.

மன்றாட்டுகளை முடிவு செய்ய முந்தின நாள் சனிக்கிழமை மாலை தலைவர் வீட்டில் கூடினோம். முப்பது குடும்பத்தில் ஐந்து பேர் வந்திருந்தோம். தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மூன்று ஆண்டுக்கு முன் எட்டு நாள் பயணமாக இயேசு வாழ்ந்த திருநாடு போய் யோர்தான் ஆற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டு வந்தவர். ஆகவே மேற்கு ஆசியா முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. இன்னொருவர் பழனி ரோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். ஏவுகணைகளை அவற்றின் செல்லப் பெயரோடு அறிந்தவர். மூன்றாவது, பள்ளி ஆசிரியை ஒருவர். அவர் மகன் அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விசா கேட்டு விண்ணப்பித்திருந்தான். நான்காவதாக, தையல் யூனிட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண். ஞாயிறன்று மன்றாட்டு வாசிக்கும் முறை அவருடையது.

அந்தப் பெண்ணின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வளைகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கிறோம், மேலே போவதா திரும்புவதா என்று கம்பெனி சொல்லவில்லை என்று புதன்கிழமை இரவு போன் செய்திருக்கிறார். பேச்சின் நடுவில் லைன் போனது. அதற்குப் பிறகு போன் இல்லை. மூன்றாவது மன்றாட்டை அந்தப் பெண்ணே நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: "சண்டை நடக்கிற கடலில் நிற்கும் கப்பலில் சமையல் வேலை செய்கிற என் கணவரும், கூட இருக்கிற இருபத்திரண்டு பேரும் உயிரோடு வீடு வந்து சேர வேண்டும்."

முதலில் நிலைமை விளக்கப்பட்டது. லாரிக்காரர் டீப்பாயில் பிஸ்கட் தட்டை வைத்து ஈரான் என்றார். தலைவரின் டம்ளர் இஸ்ரேல். நடுவில் இருந்த மிக்சர் கிண்ணம் ஈராக்; அதிலிருந்து அவரே இரண்டு முறை அள்ளித் தின்றார். தட்டுக்குக் கீழே விரலால் கோடு இழுத்து, உலகத்து எண்ணெயெல்லாம் இந்தச் சந்து வழியாகத்தான் வருகிறது, இதை அடைத்தால் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு லாரி கேரளாவுக்குப் போகாது என்றார். அந்தப் பெண் தன் செல்போனை எடுத்து, அந்தக் கோட்டின் ஓரத்தில், கப்பல் நிற்கும் இடம் இதுதானா என்று கேட்பதுபோல வைத்தார். தலைவரின் மனைவி இரண்டாவது டீ கொண்டு வந்தபோது, இடம் போதவில்லை என்று யாரோ அதை எடுத்து ஜன்னலில் வைத்தார்கள்.

பிறகு திருத்தங்கள். கணவர் என்பது ஒரு வீட்டுக் காரியம், மன்றாட்டு பொதுவாக இருக்க வேண்டும் என்றார் தலைவர். மே மாதம் எங்கள் முறை வந்தபோது நான்காவது மன்றாட்டில் 'நோயாளிகள், குறிப்பாக மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர்' என்று சேர்த்தது குறிப்பேட்டில் இருக்கிறது. அன்பியத்தில் அந்த மாதம் மூட்டு மாற்றியவர் அவர் ஒருவர்தான். நான் அதை நினைவூட்டவில்லை. கணவர் 'கடல் பயணிகள்' ஆனார்.

சண்டை போடும் நாடுகளையும் பின்னால் நின்று ஆயுதம் கொடுக்கும் நாடுகளையும் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும் என்றார் லாரிக்காரர். யாரை முதலில் சொல்வது என்று அரை மணி நேரம் போனது. அகர வரிசை வைத்துக்கொள்ளலாம் என்றேன். அப்படிப் பார்த்தால் முதலில் அமெரிக்காதான் வரும் என்று ஒருவர் சொன்னார். விசா அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. திருப்பலி யூடியூபில் நேரலையாகப் போகிறது. விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் இணையப் பக்கங்களையெல்லாம் தூதரகத்தில் தோண்டிப் பார்க்கிறார்கள். குடும்பம் இருக்கிற அன்பியமே கண்டித்தது என்று வந்தால் பையன் கதி என்ன என்றார். நாடுகள் எல்லாமே எடுக்கப்பட்டன.

'சண்டை' என்ற சொல்லும் நிற்கவில்லை. நம் அரசாங்கமே கவலை என்றுதான் சொல்லியிருக்கிறது, நாம் முந்திக்கொண்டு சண்டை என்று அறிவிப்பது முறையில்லை என்றார் தலைவர். அது 'பதற்றமான சூழல்' ஆனது. நாடுகளை இழந்த கோபத்தில் இருந்த லாரிக்காரர், கடல் பயணிகளைச் சொன்னால் விமானம் ரத்தாகி நிற்கிறவர்களையும் சொல்ல வேண்டும் என்றார். இரண்டும் வேண்டாம் என்று கடலும் போனது.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். இருபத்திரண்டு என்ற எண்ணை அடித்தது நான். அதைச் சரிபார்க்க வழியில்லை என்று காரணம் சொன்னேன்.

உலகத்துக்காக நியூயார்க்கில் கூடுகிற சபையில் ஐந்து நாட்டுக்குத்தான் வேண்டாம் என்று தடுக்கும் உரிமை உண்டாம். எங்களிடம் அந்தப் பெண்ணைத் தவிர எல்லாருக்கும் அது இருந்தது. 7.20க்கு நான் இறுதி வடிவத்தை வாசித்தேன்: "உலகில் நிலவும் பதற்றமான சூழல் தணியவும், பாதிக்கப்பட்ட அனைவரும் ஆறுதல் பெறவும்." நன்றாக வந்திருக்கிறது என்று மூன்று பேரும் சொன்னார்கள். அந்தப் பெண் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார்.

"இதுல அவரு எங்கண்ணே இருக்காரு?"

என்னைக் கேட்ட கேள்விக்குத் தலைவர் பதில் சொன்னார். "அனைவரும்னு போட்டுருக்கோம்ல தாயி. அதுக்குள்ள எல்லாரும் அடக்கம்."

"அப்ப குண்டு போட்டவனும் அதுக்குள்ளதான் இருக்கான்."

மிக்சர் கிண்ணத்தை ஒருவர் பக்கம் ஒருவர் நகர்த்தினோம். அந்தப் பெண் தாளை மடித்துப் பைக்குள் வைத்து, ஜன்னலிலிருந்த போனை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறன்று கோயில் நிறைந்திருந்தது. பெருவிழா நாள். மன்றாட்டு நேரத்தில் அந்தப் பெண் ஒலிபெருக்கி முன் வந்து நின்றார். முதல் இரண்டையும் தெளிவாக வாசித்தார். மூன்றாவதற்கு வந்ததும் தாளைப் பார்த்தபடி நின்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு வினாடி. மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. பிறகு எல்லா மன்றாட்டின் முடிவிலும் வரும் கடைசி வரியை மட்டும், "ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றார். கோயில் முழுவதும், முதல் இரண்டுக்குச் சொன்ன அதே குரலில், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பதில் சொன்னது. என்ன கேட்டோம் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் சேர்ந்துதான் சொன்னேன்.

திருப்பலி முடிந்து வேப்பமரத்தடியில் நின்றோம். இது முறைகேடு என்றார் தலைவர். சாமியாரே கவனிக்கவில்லை, விடுங்கள் என்றார் லாரிக்காரர். விசா அம்மா போனில் அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு வம்பும் இல்லை, ரொம்பப் பாதுகாப்பாக இருக்கிறது என்று நிம்மதியானார். தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். "குறிப்புல போட்ருங்க. கண்டனம்னு வேணாம். வருத்தம்னு போடுங்க, போதும்."

அந்தப் பெண் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். போன் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். தாளைத் தாருங்கள், ஃபைலில் வைக்க வேண்டும் என்றேன். இறுதி வடிவத்தையும், அதற்குள் மடித்து வைத்திருந்த தன் நோட்டுத் தாளையும் சேர்த்தே கொடுத்தார்.

ஜூன் 23, திங்கள். 4.50க்கு எழுந்தேன். தண்ணீர் வரவில்லை. பல் துலக்குமுன் குறிப்பேட்டை எடுத்தேன். 'மூன்றாவது மன்றாட்டு விவாதத்திற்குப் பின் ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்று சனிக்கிழமையே நான் எழுதியிருந்த வரியில் 'ஒருமனதாக' என்பதைக் கோடிட்டு அடித்தேன். அதன் கீழே, வாசிக்கப்பட வேண்டிய மன்றாட்டு என்று தலைப்பிட்டு, நோட்டுத் தாளில் இருந்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல், கணவர், கடல், சண்டை, இருபத்திரண்டு பேர் எல்லாம் சேர்த்து, அடுத்த கூட்டத்தில் தலைவர் கண்ணாடியில்லாமல் வாசிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் சொன்ன வருத்தத்தையும் அதற்கடுத்து ஒரு வரியில் பதிந்தேன். பிறகு பால் வாங்கப் போனேன்.