பெட்டி நூறு, மூடி நூறு

எங்கள் ஊரில் சர்க்கார் பனையோலைப் பயிற்சி நிலையம் திறந்த வாரத்தில்தான், இனி உப்பளத்துக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். அதுவரைக்கும் வருசத்தில் பாதி நாள் அளத்தில்தான் கூலி. உப்புத் தண்ணீர் கால் விரல் இடுக்கையெல்லாம் அரித்துப் புண்ணாக்கிவிடும். வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு மறுநாளும் அதே தண்ணீரில் இறங்க வேண்டும். சாயல்குடிப் பக்கத்து நிலம் வானம் பார்த்த நிலம். மழை இல்லையென்றால் அளத்தை விட்டால் வேறு கதி இல்லை. என் வீட்டுக்காரர் மறுத்துப் பேசவில்லை. “சர்க்கார் எத்தன நாளைக்கு இத நடத்தும்?” என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் அளத்துக் கங்காணிக்கு ஆள் விட்டு என் பேரை எடுத்துவிடச் சொன்னேன்.

நிலையம் என்றதும் பெரிய கட்டடமாக நினைக்க வேண்டாம். ஒரு கூரைக் கொட்டகை, ஒரு கரும்பலகை, சாயம் காய்ச்ச ரெண்டு அண்டா. பத்துப் பெண்கள் இருந்தோம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து டீச்சர் வந்தார். எங்களில் பாதிப் பேரைவிடச் சின்ன வயசு. ஓலைக்குச் சாயம் ஏற்றவும், பூப்போட்டு முடையவும், பட்டணத்தார் தோளில் மாட்டுகிற பை செய்யவும் அவர்தான் சொல்லித் தந்தார். பெட்டி முடைவதை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் கையால் முடைந்த பெட்டி கீழக்கரைக் கல்யாண வீடுகளுக்குப் போயிருக்கிறது.

டீச்சர் தனியாகத் தங்கியிருந்தார். அவருக்குச் சமைக்க நேரமில்லை என்று ஆளுக்கொரு நாள் சோறு கொண்டுபோனோம். கேப்பைக் களியை விழுங்கத் தெரியாமல் மென்று மென்று முதல் நாள் அவர் கண் கலங்கிவிட்டது. நாங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். ரெண்டு மாதத்தில் அவரே உருட்டி விழுங்கிவிட்டு, குழம்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

முதல் ஆர்டர் சென்னையில் இருக்கிற சர்க்கார் விற்பனைக் கடையிலிருந்து வந்தது. பிளாக் ஆபீசர் டீச்சரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: இது சரியாகப் போனால் நிலையம் நிலைக்கும், இல்லாவிட்டால் மூடிவிட்டு டீச்சரை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். டீச்சர் எங்களிடம் ஒளிக்கவில்லை. எனக்கு அன்று முழுக்க அளத்துத் தண்ணீர்தான் நினைவில் நின்றது.

காகிதத்தில் பெட்டி நூறு, மூடி நூறு என்று எழுதியிருந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று டீச்சர் ஐந்து பேரைப் பெட்டிக்கும் ஐந்து பேரை மூடிக்கும் பிரித்துவிட்டார். பெட்டிக்கு இத்தனை கீற்று, மூடிக்கு இத்தனை கீற்று என்று பலகையில் எழுதினார். நான் மூடிப் பக்கம்.

எங்கள் ஊரில் பெட்டியை முடைந்த கைதான் அதன் மூடியையும் முடையும். ஓலையை ஒருத்தி அகலமாகக் கிழிப்பாள், ஒருத்தி ஒடுக்கமாக. என் கை இறுக்கி இழுக்கும். பெட்டிப் பக்கம் இருந்த என் மதினியின் கை தொளதொளவென்று விடும். கீற்றுக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றாக வராது. இது பத்துப் பேருக்கும் தெரியும். ஒருத்தியும் சொல்லவில்லை. படித்த பிள்ளை, சர்க்கார் காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறது, நாம் என்ன குறுக்கே பேசுவது என்று இருந்துவிட்டோம். போதாததற்கு, மூடியைத் தனியாகக் கேட்டதற்கு மதினி ஒரு காரணமும் கண்டுபிடித்தாள். “மெட்ராசு ஆபீசுல தட்டு இல்ல போல. மூடியிலதான் பலகாரம் வச்சுத் திம்பாக.” நாங்களும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு முடைந்தோம்.

சரக்கைப் பார்க்க ஆபீசர் வருவதற்கு ரெண்டு நாள் முன்பு டீச்சர் ஒரு மூடியை எடுத்துப் பெட்டியில் வைத்தார். அது பெட்டிக்குள்ளேயே விழுந்தது. அடுத்தது தலைப்பாகை மாதிரி மேலே உட்கார்ந்தது. பத்துப் பதினைந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“உங்களுக்கு இது தெரியாதா?”

நான்தான் தெரியும் என்றேன். தட்டுக் கதையையும் சொன்னேன். டீச்சருக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்துவிட்டது. அன்று கொண்டுபோன சோற்றை அவர் தொடவில்லை.

மூடிகளை நனைத்து இழுத்துப் பார்த்தோம். இருபதுக்குச் சோடி சேர்ந்தது. மற்றது சேரவில்லை.

ஆபீசர் ஜீப்பில் வந்தார். டீச்சர் எழுந்து, தப்பு முழுக்கத் தன்னுடையது என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றேன்.

“அய்யா, இது சேராதுன்னு மொத நாளே எங்களுக்குத் தெரியும். சர்க்கார் சொல்லுச்சுன்னு பேசாம இருந்துட்டோம். அந்தப் பிள்ளைய மட்டும் குத்தம் சொல்லாதீக.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, இப்ப என்ன செய்யலாம்னு சொல்லுங்க” என்றார். ஆபீசர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

“பெட்டி முடையிறவளே அதுக்கு மூடியும் முடையட்டும். பதினஞ்சு நாள் குடுங்க. ஓலை நாங்க கொண்டாறோம்.”

கடைக்கு எழுதிக் கேட்கிறேன், அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் அவகாசம் என்று சொல்லிவிட்டு ஆபீசர் போனார். பதில் வரும் என்று கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை. மறுநாளே குருத்தோலை வெட்டி வந்து காயப் போட்டு, முடைய ஆரம்பித்தோம். இடையில் கங்காணி ஆள் விட்டார். அளத்தில் ஆள் குறைகிறதாம். பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன். அந்த வார்த்தை சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் தபால் வந்தது. அனுப்பலாம் என்று எழுதியிருந்தது. பதினைந்தாம் நாள் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றும் முன்பு டீச்சர் நூறு மூடியையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தார். வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தும் அவர் முடிக்கவில்லை. அதன் பிறகு நான் அளத்தில் கால் வைக்கவே இல்லை.

அடுத்த காகிதத்தில் தோள்பை ஐம்பது கேட்டிருந்தார்கள். டீச்சர் அதை முழுக்க வாசித்துக் காட்டிவிட்டு, பலகைப் பக்கம் போகாமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிடி நாம போடணுமா, இல்ல அவுகளே போட்டுக்கிடுவாகளா?” என்று மதினி கேட்டாள். “அத மொதல்ல எழுதிக் கேளுங்க டீச்சரம்மா.”